மழைக்கஞ்சி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

ஆற்றுத் தண்ணீர் எட்டாத ஒரு மானாவாரி ஊர். பேர் வேண்டாம். மூன்று வருஷமாக அங்கே மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கு மேற்கே குளத்துக்கரையில் ஒரு மடம் உண்டு. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓலை வேய்ந்த ஒரு கூடம், வெளியே ஒரு வேப்பமரம், மரத்தடியில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அவ்வளவுதான். தினமும் உச்சிப்பொழுதுக்கு அங்கே கஞ்சி காய்ச்சி, வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள்.

மடத்தை நடத்தியவள் உலகம்மை. நாற்பது வயசுக்காரி. எழுத்து தெரியாது. காவியும் கட்ட மாட்டாள். ஆனாலும் ஊர் அவளைச் சாமி என்றுதான் சொல்லும்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் திருமலைக்கொழுந்து. அவருக்கு அறுபது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கு மேல் என்ன தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவர். குரு சீடரை 'வாத்தியாரய்யா' என்பாள். சீடர் குருவை 'அம்மா' என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வந்ததில்லை.

கஞ்சிக்கு நெல் கொடுத்தவர் பண்ணையார் வடமலையப்பர். அவருக்கு ஆற்றங்கரையில் வேறு வயல் இருந்தது, அதனால் அவர் வீட்டில் நெல் இருந்தது. ஆவணி மாசம் ஒருநாள் உச்சிப்பொழுதில் அவர் மடத்துக்கு வந்து, கஞ்சி குடிக்கிறவர்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேர். இரண்டு பேருக்குக் கண் தெரியாது. மூன்று பேர் வழிப்போக்குப் பண்டாரங்கள். மற்றவர்கள் நாதியற்ற கிழடுகள்.

பண்ணையார் கெட்டவர் இல்லை. நியாயமாகத்தான் பேசினார். ஊரே பஞ்சம் பஞ்சம் என்கிறது, கஞ்சிக்குப் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள், அப்படியென்றால் மற்றவர்களுக்குப் பசி இல்லை என்றுதானே அர்த்தம் என்றார். இந்த நெல்லை அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கொடுத்தால் அன்றைக்கு ஒருநாளாவது ஊரே சாப்பிடும் என்றார். தான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், அதனால் வாத்தியார் வீடு வீடாகப் போய் விசாரித்து வெள்ளிக்கிழமை வந்து சொல்லட்டும், ஊரில் பசி இருந்தால் தை அறுவடை வரைக்கும் நெல் வரும், இல்லையென்றால் இந்த வாரத்தோடு பானையைக் கவிழ்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு திருமலைக்கொழுந்து கேட்டார்.

"அம்மா, அவர் சொல்றதுல என்ன தப்பு? பசி எல்லா வயித்துக்கும் ஒண்ணுதானே? பசிச்சவன் வருவான்தானே?"

உலகம்மை சட்டுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அவர் கீழத்தெருவுக்குப் போனார். ஊரில் கூலிவேலை செய்கிறவர்கள் இருக்கிற தெரு அது. முப்பத்தேழு வீடு. விதைப்பு இல்லாததால் வேலை இல்லை. ஆண்களில் பாதிப்பேர் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் நெற்றியில் நீறுமாக அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சாப்டாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுய்யா" என்றார்கள்.

முதல் வீட்டில் ஆச்சு. இரண்டாவது வீட்டில் இப்பத்தான் ஆச்சு. மூன்றாவது வீட்டில் சுடலையாண்டி என்கிற கிழவர் ஈர்க்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு இருந்தார். ஆச்சு என்றதோடு நிற்கவில்லை, வாங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார். வாத்தியார், இல்லை, எனக்கும் ஆச்சு என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

கடைசிக்கு முந்தின வீடு மாடத்தியின் வீடு. அவள் புருஷனும் சூளைக்குப் போனவன்தான். வீட்டில் அவளும், நாலு வயசு மகளும், கல்யாணத்துக்கு நிற்கிற நாத்தனார் நாச்சியாரும். நாச்சியாருக்குப் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசி, தையில் தாலி கட்டுவதாக இருந்தது.

"சாப்டாச்சாம்மா?"

"ஆச்சுய்யா."

உள்ளே இருந்து சின்னக் குரல் ஒன்று, "எப்போம்மா?" என்றது.

மாடத்தி சிரித்தாள். தூங்கி எழுந்த பிள்ளை, அதுக்குப் பொழுது தெரியாது என்றாள். வாத்தியாரும் சிரித்தார். அடுத்த வீட்டுக்குப் போனார்.

மடத்துக்குத் திரும்பி வந்து, முப்பத்தேழு வீட்டிலும் சாப்பிட்டாகிவிட்டது என்றார். பண்ணையார் சொன்னது சரியாகத்தான் இருக்கும்போல என்றார்.

"ஒருத்தருகூட இல்லன்னு சொல்லலியா?"

"ஒருத்தரும் சொல்லலம்மா."

"சரி" என்றாள் உலகம்மை. "நம்மகிட்ட கஞ்சி குடிக்கிற பன்னெண்டு பேருல, கட்டிக்கொடுக்கப் பொண்ணு வச்சிருக்கிறவன் எத்தன பேரு?"

அவர் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். ஒருத்தனும் இல்லை.

கீழத்தெருவிலிருந்து மடத்துக்கு வர வேண்டுமென்றால் ஊர் முழுக்க நடந்து, மேலத்தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும். கையில் தூக்குச்சட்டியோடு ஒருத்தி அந்த வழியே நடந்தால், அது கிணற்றடியில் பேச்சாகி, சந்தையில் பேச்சாகி, மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகாது. கஞ்சிக்குப் போற வீடு. அந்தப் பேர் ஒருதரம் ஒட்டிவிட்டால் அந்த வீட்டில் யார் வந்து பெண் எடுப்பார்கள்? வாத்தியாருக்கு அந்த ஊர் புதிது. இதையெல்லாம் அவர் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு வாத்தியார் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் உலகம்மை அடுப்பு மூட்டவில்லை. காலையில் நீராகாரமும் கொடுக்கவில்லை. மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா, யாருக்குத் தெரியும். கஞ்சி இறக்குவதற்குள் பண்ணையாரைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று அனுப்பிவிட்டாள். பண்ணை வீடு ஊரைத் தாண்டி இரண்டு மைல். வெயில் ஏறியிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பண்ணையார் இலையில் உட்கார்ந்திருந்தார். சுடுசோறு, மோர்க்குழம்பு, வாழைக்காய் வறுவல். வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

"வாங்க வாத்தியாரே. சாப்டாச்சா?"

"ஆச்சு ஐயா" என்றார் திருமலைக்கொழுந்து.

நாக்கு சொல்லிவிட்டது. அவர் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

பண்ணையார் வீட்டம்மா உள்ளேயிருந்து, இன்னொரு இலை போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம்மா, இப்பத்தான் என்றார். அதையும் நாக்குதான் சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்தார். வயிறு இரைந்தது. அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று துண்டைச் சுருட்டி மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"போனீங்களா? என்ன சொல்றாங்க?" என்றார் பண்ணையார்.

"எல்லாரும் சாப்டாச்சுன்னுதான் சொன்னாங்க."

"நான் சொல்லல?"

வாத்தியார் மடியில் அமுக்கியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நானும் இப்ப அதைத்தான் சொன்னேன் ஐயா. நேத்து மத்தியானம் சாப்பிட்டது."

பண்ணையாரின் கை சோற்றில் நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், வீட்டம்மா வந்து வாத்தியார் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. சோற்றை வைத்தாள். அவர் சாப்பிட்டார். முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை.

கை கழுவியபின் பண்ணையார் சொன்னதைக் குறை சொல்ல முடியாது. பசி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வராதவன் வயிற்றில் கஞ்சியை எப்படி ஊற்றுவது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார்களா என்று கேட்டார். வாங்க மாட்டார்கள் என்று வாத்தியாருக்கும் தெரியும். ஒரு வாரம் பார்க்கிறேன், கீழத்தெரு வந்தால் நெல் வரும், வராவிட்டால் கொடைக்குப் போகும், பன்னிரண்டு பேருக்கு நான் வேறு ஏதாவது வழி செய்கிறேன் என்று முடித்துவிட்டார்.

வாத்தியார் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். இலை போட்டதையும் மறைக்கவில்லை.

"சாப்பாடு எப்படி?" என்று கேட்டாள் உலகம்மை.

"நல்லா இருந்ததும்மா."

"நல்லது. நாளைக்குக் காலையில நாம பிச்சைக்குப் போறோம்."

"எங்கேம்மா?"

"எல்லா வீட்டுக்கும்."

"கீழத்தெருவுக்குமா?"

"அங்கதான் முக்கியமாப் போகணும்."

"இல்லாதவங்ககிட்டப் போய் எதைம்மா கேக்கறது?"

"கேட்டுப் பாருங்க. உங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்காமலே இருந்தா, உங்களுக்கு எப்படி இருக்கும்?"

மழைக்கஞ்சி எடுப்பது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழை பொய்த்தால் பானையோடு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பார்கள். கிடைத்ததை ஒரே பானையில் போட்டுக் காய்ச்சுவார்கள். போட்ட வீட்டார் எல்லாரும் வந்து வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு வீடு போடாவிட்டாலும் ஒரு வீடு குடிக்காவிட்டாலும் மேகம் வந்த வழியே திரும்பிவிடும் என்பார்கள். எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் பிச்சையைப் பண்ணையார் வீட்டில் கேட்டார்கள். வாத்தியார் பானையை ஏந்தினார். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதின கை அது. வீட்டம்மா முறம் நிறைய நெல்லைக் கொட்டினாள். மேலத்தெருவில் கம்பு, கேப்பை, பாசிப்பயறு என்று விழுந்தது. பிறகு கீழத்தெருவுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு கொத்து முருங்கைக்கீரை, ஒரு வீட்டில் நாலு சுள்ளி. சுடலையாண்டி பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வந்தபிறகு நான் என்னத்தைப் போட என்று சொல்லி ஒரு பச்சைமிளகாயைப் போட்டார்.

மாடத்தி வாசலில் நின்றாள். ஐந்து நாளைக்கு முன்னால் சாப்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போன அதே ஆள், இன்றைக்குப் பானையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மழைக்கஞ்சிக்குப் போடும்மா" என்றார்.

"எல்லா வீட்டுலயும் வாங்குனீங்களா?"

"பண்ணையார் வீட்டுலயிருந்து வாறோம்."

"அவுங்க என்ன போட்டாங்க?"

"நெல்லு."

அவள் உள்ளே போனாள். வர நேரமானது. இரண்டு கையையும் குவித்து உப்பு கொண்டுவந்தாள்.

"உப்பில்லாம அவுக நெல்லு என்ன செய்யும்?" என்று சொல்லிப் பானையில் போட்டாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே மடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கீழத்தெரு முழுக்க வந்தது. விற்காமல் இருந்த தூக்குச்சட்டிகள் எல்லாம் வந்தன. இல்லாதவர்கள் சோத்துப்பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் நடுவே, மேலத்தெரு வழியாகத்தான் வந்தார்கள். மேலத்தெருக்காரர்களும் சொம்பும் கிண்ணமுமாக அவர்களோடு நடந்தார்கள். பண்ணையார் வில்வண்டியில் வந்தார். குடிக்காத வீடு என்று தன் வீட்டை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவருக்கு இருந்தது. எங்கே உட்காருவது என்று பார்த்து, வேறு இடம் இல்லாததால் சுடலையாண்டிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"என்ன பண்ணையாரே, கஞ்சிக்கு வந்துட்டீரோ?" என்றார் சுடலையாண்டி.

"மழைக்குல்லா வந்தேன்."

"நானும் மழைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கிழவர் இரண்டாம் தடவைக்குச் சட்டியை நீட்டினார்.

மாடத்தியின் மகள் மூன்று தடவை குடித்தாள். நாச்சியார் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, பண்ணையார் வீட்டம்மாவிடம் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஊருக்கும் சேதி போனது. மழைக்கஞ்சி எடுக்கிறார்களாம் என்று போனது.

மறுநாள் உலகம்மை அடுப்பைக் கூட்டினாள்.

"அம்மா, மழைக்கஞ்சி ஒருநாள்தானே எடுப்பாங்க?" என்றார் வாத்தியார்.

"மழை வந்துட்டா?"

"இல்லம்மா."

"அப்ப பானையை எடுங்க."

அன்றைக்கும் பிச்சைக்குப் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். பிறகு தினமும் அதுதான். சில வீடுகளில் வேப்பிலைதான் போடுவார்கள், சில வீடுகளில் ஒரு சொம்பு தண்ணீர். உலகம்மை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பண்ணை வீட்டிலிருந்து நெல் வந்தது. வாரம் முடிந்தும் வந்தது. ஒரு மாசம் ஆனபோது பண்ணையாருக்கு இது எங்கே போய் முடியும் என்று ஒரு யோசனை இருந்தது உண்மை. ஆனால் மழைக்கஞ்சியை நிறுத்தினவர் என்ற பேரை வாங்க அவர் தயாராக இல்லை. அதற்குப் பிறகு மழை பெய்யாமல் போனால் அதை யார் தலையில் கட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வாத்தியாருக்கு ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டுவிட்டார்.

"அம்மா, இது ஏமாத்து இல்லையா?"

"யார ஏமாத்துனோம்?"

"இது மழைக்காக இல்லைன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சா அது எப்படிய்யா ஏமாத்து?"

அவர் கீரையைப் பார்த்தார். ஒரு இலையை ரொம்பநேரம் ஆய்ந்தார்.

ஐப்பசி பாதியில் மழை வந்தது. காலையில் கிழக்கே கருத்தது. உச்சிக்குள் கொட்டத் தொடங்கியது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து வந்த மாதிரி வந்தது. குளத்துக்குத் தண்ணீர் பாய்கிற சத்தம் ஊருக்குள் கேட்டது. ஆட்கள் தெருவில் நின்று வேண்டுமென்றே நனைந்தார்கள். சுடலையாண்டி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

மழை வந்தால் வேலை வரும். உழவு, விதைப்பு, களை. ஆனால் அந்த ஊரில் உழவுக் கூலியெல்லாம் களத்தில் நெல்லாகத்தான் அளப்பார்கள். களம் தையில். இன்னும் மூன்று மாசம். எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான், வாய்விட்டுச் சொல்கிறவர்தான் யாருமில்லை.

கீழத்தெருவிலிருந்து ஒரு இருபது பேர் மடத்துக்கு வந்து, வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். கையில் தூக்குச்சட்டி இருந்தது. நீட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மாடத்தி மகளை இடுப்பில் வைத்து, முந்தானையால் மூடியிருந்தாள். மழை வந்தபிறகு மழைக்கஞ்சிக்கு எப்படி வருவது? வந்தால் அது வெறும் கஞ்சிக்கு வந்ததாகிவிடும். மடத்துக்குள் வருவதா, இப்படியே திரும்பிவிடுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் பண்ணையார் பெரிய தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம். உலகம்மையைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பலிச்சிட்டுதே சாமி. மழை வந்துட்டு. இனி பானையைக் கழுவிக் கவுத்திரலாம்லா?"

உலகம்மை தலை முதல் கால் வரை நனைந்து நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"எங்க ஐயா மழை?" என்றாள்.

பண்ணையார் தன் குடையைப் பார்த்தார். அதன் ஓரமெல்லாம் தண்ணீர் தாரையாக விழுந்துகொண்டிருந்தது.

"நான் படிக்காதவ" என்றாள் அவள். "வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க. இதுக்குத் தமிழ்ல பேரு என்ன?"

திருமலைக்கொழுந்து கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்கத் துடைக்க நனைந்தது. பண்ணையாரைப் பார்த்தார். தள்ளி நிற்கிற இருபது பேரைப் பார்த்தார். மாடத்தி இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூறல்" என்றார்.

"கேட்டீகளா ஐயா, தூறலாம். மழை இனிமேத்தான் வரணும். அதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிரக் கூடாது" என்றாள் உலகம்மை.

பண்ணையார் கையிலிருந்த குடையை மெள்ள வாங்கி, அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, குனிந்து ஊதத் தொடங்கினாள்.